பழைய பழக்கமும் புதிய பேட்டரியும்

(அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியர்கள் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரேடியோ மூலம் இயக்கும் மாதிரி விமானத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். விமானம் எப்படிப் பறக்கிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாகவே வகுப்பில் நடத்துவீர்கள். எனவே இன்று நான் விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும் பேட்டரியையும், அதற்கு உயிரூட்டும் சார்ஜரையும் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அதற்குக் காரணம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த ஒரு சம்பவம்.

கல்லூரியில் நான் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இருந்தேன். மாதிரி விமானம் செய்வது அங்கே பயிற்சியின் ஒரு பகுதி. முதலில் கம்பியில் கட்டிச் சுற்றும் விமானம், பிறகு ரேடியோ விமானம். அந்தக் காலத்தில் எஞ்சினுக்கு மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருள் ஊற்றுவோம். சட்டையில் ஏறிய அந்த வாசனை இரண்டு சலவைக்கும் போகாது. வேலை, திருமணம், குழந்தைகள் என்று இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. மன்றத்துக்காக மறுபடி தொடங்கலாம் என்று பார்த்தபோது எஞ்சின் போய் மின்மோட்டார் வந்திருந்தது. நீளமான ஆன்டெனாவைக் காணோம். பால்சா மரத்துக்குப் பதிலாக நுரைப் பலகை. "எல்லாம் சுலபமாகிவிட்டது" என்று மகிழ்ந்தேன். ஒரு லித்தியம் பாலிமர் பேட்டரியும், பல வகை பேட்டரிகளையும் ஏற்றும் ஒரு சார்ஜரும் வாங்கினேன்.

அன்று மாலை முதலில் டிரான்ஸ்மிட்டரின் நிக்கல் பேட்டரியை ஏற்றினேன். முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டு லித்தியம் பேட்டரியை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். சார்ஜர் கடைசியாகச் செய்த வேலையை நினைவில் வைத்திருந்தது. அதாவது அது இன்னும் நிக்கல் முறையிலேயே இருந்தது. பேட்டரியிலிருந்து வந்த சிறிய வெள்ளை இணைப்பியை நான் மாட்டவே இல்லை. கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, அதே மேசையின் மறு முனையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் சொன்னாள்: "அப்பா, உங்க பேட்டரி பூரி மாதிரி உப்பியிருக்கு."

திரையில் 13.8 வோல்ட் காட்டியது. அந்தப் பேட்டரி 12.6 வோல்ட்டைத் தாண்டவே கூடாது. சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்து, மகளை வெளியே அனுப்பி, பேட்டரியை இடுக்கியால் தூக்கிக் கொல்லைப்புறத்தில் மணல் வாளிக்குள் வைத்தேன். தீப்பிடிக்கவில்லை. அது என் திறமை இல்லை, அதிர்ஷ்டம். அன்று இரவு தூக்கம் வரவில்லை. இயற்பியல் பட்டம், கல்வியியல் பட்டம், இத்தனை ஆண்டு அனுபவம் எல்லாம் இருந்தும் எங்கே தவறினேன்?

யோசித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. ஒன்றுமே தெரியாதவனாக இருந்திருந்தால் குறிப்பேட்டைப் படித்திருப்பேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

நண்பர்களே, நிக்கல் காட்மியம் பேட்டரி 1899இல் சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் கண்டுபிடித்தது. என் தலைமுறை அதில்தான் பழகியது. அது எங்களுக்கு மூன்று பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தது. மூன்றும் இன்று ஆபத்தானவை.

முதல் பழக்கம், முழுவதும் காலி செய்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது. பாதியில் ஏற்றினால் நிக்கல் காட்மியத்துக்கு 'நினைவு' பிடித்துவிடும் என்பார்கள். லித்தியம் பாலிமர் செல்லை அப்படிக் காலி செய்தால் அது செத்துவிடும். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் உள்ளே நிரந்தரச் சேதம் தொடங்குகிறது. 3.5 வோல்ட்டிலேயே தரையிறக்கிவிடுவது நல்லது.

இரண்டாம் பழக்கம், இரவு முழுவதும் சார்ஜரில் விடுவது. 600 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பழைய பேட்டரிக்கு 60 மில்லி ஆம்பியர் வீதம் 14 முதல் 16 மணி நேரம் ஏற்றுவோம். கொஞ்சம் கூடுதலாக ஏறினாலும், அந்தக் குறைந்த மின்னோட்டத்தில் அதை வெப்பமாக மாற்றித் தாங்கிக்கொள்ளும் வேதியியல் அந்தச் செல்லுக்கு உண்டு. லித்தியம் செல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. 4.2 வோல்ட் என்றால் 4.2தான். அதற்கு மேல் தள்ளினால் மின்பகுளி சிதைந்து வாயு உண்டாகிறது. உறை உப்புகிறது. அடுத்தது தீ.

மூன்றாம் பழக்கம், முழுவதும் ஏற்றிப் பத்திரமாக எடுத்து வைப்பது. லித்தியம் பாலிமரை முழுதாக ஏற்றிய நிலையில் வாரக்கணக்கில் வைத்தால் அது கெடும். செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட், அதாவது ஏறத்தாழப் பாதி நிலையில்தான் வைக்க வேண்டும். நமக்கு இது முக்கியம். பொதுத் தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தும் பணி, கோடை விடுமுறை என்று மார்ச்சில் மூடிய அலமாரியை ஜூனில்தான் திறப்போம்.

சரி, என் மேசையில் என்ன நடந்தது? நிக்கல் செல் நிறைந்ததும் அதன் மின்னழுத்தம் லேசாகக் குறையும். நிக்கல் முறையில் இருக்கும் சார்ஜர் அந்தச் சிறு இறக்கத்துக்காகக் காத்திருக்கும். லித்தியம் செல் அப்படி இறங்காது, ஏறிக்கொண்டேதான் போகும். வராத ஒன்றுக்காகச் சார்ஜர் காத்திருந்தது. அந்த வெள்ளை இணைப்பி ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே சார்ஜருக்குச் சொல்லும் தூதுவன். தூதுவனையும் நான் வெளியே நிறுத்திவிட்டேன்.

இப்போது பேட்டரியைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். பாடநூலில் தனியாக இருப்பதை மின்கலம் என்றும், சேர்த்துக் கட்டியதை மின்கலத் தொகுப்பு என்றும் சொல்கிறோம். கடையில் அவை செல், பேட்டரி. பேட்டரியின் மேல் மூன்று எண்கள் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் எண் 3எஸ் என்பது போல இருக்கும். மூன்று செல்கள் தொடரிணைப்பில் உள்ளன என்று பொருள். ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். மூன்று சேர்ந்தால் 11.1 வோல்ட். முழுதாக ஏற்றினால் 12.6 வோல்ட். எத்தனை செல் வேண்டும் என்பதை மோட்டாரும், அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும்தான் முடிவு செய்கின்றன. அவற்றின் குறிப்பில் உள்ளதைத் தாண்டக் கூடாது.

இரண்டாம் எண் கொள்ளளவு. 2200 மில்லி ஆம்பியர் மணி என்றால் 2.2 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தர முடியும். அதில் 80 விழுக்காடு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்பது விமானக்காரர்களின் வழக்கம். அப்படியானால் 1760 மில்லி ஆம்பியர் மணி. விமானம் சராசரியாக 12 ஆம்பியர் இழுத்தால் எவ்வளவு நேரம் பறக்கலாம்? 1.76ஐ 12ஆல் வகுத்து 60ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 8.8 நிமிடம். டிரான்ஸ்மிட்டரில் 7 நிமிடத்துக்கு மணி அடிக்க வைத்துவிட்டால் தரையிறங்க அவகாசம் கிடைக்கும். 'பெரிய பேட்டரி போட்டால் நிறைய நேரம் பறக்கலாமே' என்று தோன்றும். பேட்டரி பெரிதானால் எடை கூடும். எடை கூடினால் இறங்கும் வேகம் கூடும். புதிதாகப் பழகுகிறவருக்கும், என்னைப் போல மறந்துபோய்த் திரும்பி வருகிறவருக்கும் அது நல்லதல்ல. ஒரே பெரிய பேட்டரிக்குப் பதில் இரண்டு சிறிய பேட்டரிகளாக வாங்குங்கள்.

மூன்றாம் எண் 25சி என்பது போல இருக்கும். கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்னோட்டத்தைத் தர முடியும் என்பதைச் சொல்கிறது. 2.2 ஆம்பியரின் 25 மடங்கு 55 ஆம்பியர். இந்த எண்ணை மட்டும் பாதியாகக் குறைத்து நம்புங்கள். உறையில் அச்சிடுவதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஒரு கிலோ எடையுள்ள பயிற்சி விமானத்துக்குச் சுமார் 200 வாட் திறன் போதும். 200ஐ 11.1ஆல் வகுத்தால் 18 ஆம்பியர். பாதியாகக் குறைத்தாலும் 27 ஆம்பியர் இருக்கிறது. ஆகவே 25சி பேட்டரியே நிறைவாகப் போதும். 70சி, 100சி என்று காசைக் கொட்ட வேண்டியதில்லை.

டிரான்ஸ்மிட்டருக்கு என்ன பேட்டரி? பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போதும், அதுதான் பொறுமைசாலி. பழைய டிரான்ஸ்மிட்டரில் 8 செல், 9.6 வோல்ட் இருக்கும். அந்த இடத்தில் 12.6 வோல்ட் லித்தியத்தைச் செருகலாமா என்பதை அதன் குறிப்பேடு சொன்னால் ஒழியச் செய்யாதீர்கள். இருபது ஆண்டாக அலமாரியில் கிடந்த பழைய காட்மியம் பேட்டரியை விமானத்தில் போடவே போடாதீர்கள். ரிசீவருக்கு மின்சாரம் நின்றால், விமானம் ஆளில்லாத கல்லாகிவிடும். காட்மியம் நச்சுலோகம். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு பெறுபவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது சார்ஜர். பேட்டரி வாங்குவதில் காட்டும் அக்கறையைப் பலர் சார்ஜரில் காட்டுவதில்லை. பேட்டரி ஓரிரு ஆண்டில் போய்விடும். சார்ஜர் பத்து ஆண்டு இருக்கும். எனவே செலவை இங்கே செய்யுங்கள்.

சார்ஜரில் முதலில் பார்க்க வேண்டியது, செல்களைச் சமன்செய்து ஏற்றும் வசதி. ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தமும் திரையில் தனித்தனியே தெரிய வேண்டும். வெறும் பச்சை, சிவப்பு விளக்கு மட்டும் உள்ள சார்ஜர் ஆசிரியருக்கு உதவாது. அதில் கற்பதற்கு ஒன்றுமில்லை. அடுத்து, சேமிப்பு நிலைக்குக் கொண்டுவரும் வசதி. பிறகு, நேர வரம்பும் கொள்ளளவு வரம்பும். 2200 பேட்டரிக்கு 2400 என்று வரம்பு வைத்திருந்தால், நான் செய்த தவறைச் சார்ஜரே ஒரு கட்டத்தில் தடுத்திருக்கும்.

எத்தனை வாட் சார்ஜர் வேண்டும்? 1சி வேகத்தில், அதாவது 2.2 ஆம்பியரில் ஏற்றுவது பாதுகாப்பானது. 12.6ஐ 2.2ஆல் பெருக்கினால் 27.7 வாட். ஆகவே 50 வாட் சார்ஜரே நம் வேலைக்குப் போதும். நாளை ஆறு செல், 5000 மில்லி ஆம்பியர் மணி என்று போனால்தான் 126 வாட் வேண்டும். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் சார்ஜரும் உண்டு. 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குவதும் உண்டு. இரண்டுக்கும் வழியுள்ளதாக வாங்கினால், மைதானத்தில் கார் பேட்டரியிலிருந்தும் ஏற்றலாம்.

இப்படி ஒரு சார்ஜர் வாங்கியபின் நான் ஒரு வரியை அட்டையில் எழுதி அதன் மேல் ஒட்டியிருக்கிறேன்: 'வகை, செல், ஆம்பியர்.' பொத்தானை அழுத்தும் முன் இந்த மூன்றையும் வாய்விட்டுப் படிப்பேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இந்தச் சிறு பேட்டரிக்கு இவ்வளவு பயமா என்று கேட்பீர்கள். 11.1 வோல்ட்டை 2.2 ஆம்பியர் மணியால் பெருக்கினால் 24.4 வாட் மணி. அதை 3600ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 88,000 ஜூல். ஒரு கிலோ எடையை 9 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் உள்ளங்கை அளவு பொருளில் இருக்கிறது. மரியாதை கொடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே பள்ளியில் சில விதிகளை வைத்திருக்கிறோம். ஏற்றுவது ஆசிரியர் மட்டுமே. வகுப்பறையில் ஏற்றுவதில்லை. வராண்டாவில் சிமென்ட் தரையில், சுற்றிலும் செங்கல் அடுக்கி, அருகில் மணல் வாளி வைத்து ஏற்றுகிறோம். ஏறி முடியும்வரை ஒருவர் கண்பார்வையில் இருக்கும். பறந்து இறங்கியதும் சூடாக இருக்கும் பேட்டரியை உடனே ஏற்றுவதில்லை. சித்திரை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் பெட்டிக்குள் பேட்டரியை வைப்பதில்லை. உப்பிய பேட்டரியைக் குத்திப் பார்ப்பதோ, அழுத்திப் பார்ப்பதோ, மறுபடி ஏற்றுவதோ கூடாது. தீப்பிடித்தால் முதல் வேலை பிள்ளைகளைப் புகைக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்புவது. அந்தப் புகை நச்சு. பேட்டரி போனால் போகட்டும்.

விமானத்தை விடும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் இயக்கும் மாதிரிகளைத் தனி வகையாகக் குறிப்பிடுகின்றன. உங்கள் மைதானம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டு, தலைமை ஆசிரியரின் அனுமதியோடு தொடங்குங்கள்.

'எங்கள் பள்ளியில் விமானமே இல்லையே, இது எங்களுக்கு எதற்கு?' என்று சிலர் நினைக்கலாம். உங்கள் மாணவரின் வீட்டில் உப்பிய போன் பேட்டரி இருக்கிறது. தெருவில் மின்சார ஸ்கூட்டர் ஓடுகிறது. அறிவியல் கண்காட்சிக்குப் பழைய மடிக்கணினியைப் பிரித்து 18650 செல்களை எடுத்து, போன் சார்ஜரின் கம்பியை வெட்டி நேரடியாக இணைத்துக் கொண்டுவரும் மாணவர் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவராவது இருப்பார். ஆர்வமுள்ள பிள்ளைதான் அப்படிச் செய்யும். அந்தப் பிள்ளையைத் திட்டி அனுப்பாமல் சரியாகச் சொல்லிக்கொடுக்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அவர் பெயரைப் பொது அறிவுக்காகச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பேட்டரி எத்தனை வோல்ட்டில் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே.

பாடத்துக்கும் இது உதவும். அக மின்தடையைக் கரும்பலகையில் மட்டும் நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது முழுதாக ஏற்றிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டுவதை மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். 20 ஆம்பியர் இழுக்கும்போது 11.8 வோல்ட் ஆகிறது என்று வையுங்கள். குறைந்த 0.8ஐ 20ஆல் வகுத்தால் 0.04 ஓம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் 16 வாட். இறங்கிய பேட்டரி ஏன் சுடுகிறது என்பதற்கு விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

கடைசியாக ஒன்று. எங்கள் மன்றத்தில் பேட்டரிப் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறோம். தேதி, பேட்டரி எண், பறக்கும் முன்னும் பின்னும் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தம், ஏற்றிய மில்லி ஆம்பியர் மணி. எழுதுவது மாணவர்கள். செல்களுக்கிடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு வந்தால் அந்தப் பேட்டரியை ஒதுக்கிவிட வேண்டும் என்பது நான் வைத்த விதி.

பள்ளி விளையாட்டு விழா அன்று இரண்டு முறை பறக்கவிடுவதாகத் திட்டம். பெற்றோர்கள் கூடியிருந்தார்கள். காலையில் 3ஆம் எண் பேட்டரியில் ஒரு சோதனைப் பறப்பு முடிந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி அளந்து எழுதினாள்: 3.72, 3.48, 3.71. "சார், நடு செல் இறங்கியிருக்கு. இதை எடுத்து வைக்கணும்" என்றாள். "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிடலாம்மா, சின்னதா ஒரு சுற்றுதான்" என்றேன். அவள் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அங்கே என் கையெழுத்தில் விதி இருந்தது. "நீங்கதானே சார் எழுதினீங்க?"

அந்த வினாடியில் எனக்குச் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது. அன்று என் மகள், இன்று இந்த மாணவி. இருவருமே என்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள். ஆனால் கண்முன் இருந்ததைப் பார்த்தவர்கள். பேட்டரியை ஒதுக்கி வைத்தேன். விழாவில் ஒரே ஒரு முறைதான் பறந்தது. கூட்டம் "இன்னொரு முறை" என்று கேட்டபோது, ஏன் முடியாது என்று ஒலிபெருக்கியில் விளக்கியது அந்த மாணவிதான். மறுநாள் அந்தப் பேட்டரியை 12 வோல்ட் கார் பல்பு ஒன்றில் இணைத்து, விளக்கு மங்கி அணையும்வரை எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். முனைகளில் டேப் ஒட்டி மின்னணுக் கழிவில் சேர்த்தோம்.

நண்பர்களே, நாமும் எத்தனையோ இடங்களில் இருபது ஆண்டுப் பழக்கத்தை வைத்துக்கொண்டு புதிய பொத்தானை அழுத்துகிறோம். அழுத்தும் முன் ஒரு நொடி நின்று, வகை என்ன, செல் எத்தனை, ஆம்பியர் எவ்வளவு என்று படியுங்கள். மாணவர் ஒருவர் "சார், இது சரியில்லை" என்று சொன்னால், கையை எடுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.